குளிருக்குப் போகும் லொறி

ரானுயி, ஆக்லாந்து, நியூசிலாந்து
3 ஜூன் 2025

பிருந்தனுக்கு,

நீங்கள் போனை எடுக்கிறதில்லை. எடுத்தாலும் நாங்கள் இரண்டு பேரும் கத்தி முடிப்பதற்குள் வைஷாலி தன் அறைக் கதவைச் சாத்திவிடுகிறாள். அதனால்தான் காகிதம். இதில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது.

நேற்று ஹெண்டர்சனில் இருந்து ஒருவர் வந்து எங்கள் லொறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நீங்கள் விற்கப் போவதாகச் சொன்னீர்களாம். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, இது விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். லொறி எங்கள் இரண்டு பேரின் பெயரிலும் இருக்கிறது. இனி ஆள் அனுப்புவதென்றால் முதலில் என்னைக் கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு லோட் பிடித்துத் தரும் ராகேஷ் போன கிழமை போன் எடுத்தான். தெற்கே ஒட்டகோவின் உட்பகுதியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வகுப்பறைகளைச் சூடாக்கும் கொதிகலன் பழுதாகி, பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறார்களாம். புதுக் கொதிகலன் கப்பலில் ஆக்லாந்துக்கு வருகிறது. ஜூலை நடுவில் தவணை தொடங்கமுதல் அது அங்கே போய்ச் சேர வேண்டும். தெற்கே ஓடுகிற எல்லோருக்கும் கைநிறைய வேலை. "நீங்க போவீங்களா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, பிறகு உங்களுக்கு நடந்தது ஞாபகம் வந்து "சாரி அக்கா" என்றான். நான் "ஓம், நான் போறன்" என்று சொன்னேன்.

பாதை எது என்று உங்களுக்கே தெரியும். லிண்டிஸ் கணவாய்.

போன ஜூலையில், நடு மாரியில், அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: லொறி நின்றது, நீங்கள் பனியில் நடந்தீர்கள், ஆஸ்பத்திரியில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இவ்வளவும் பொலிஸும் டொக்டரும் சொன்னது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லொறியை வடக்கே இழுத்து வந்தது நான். நீங்கள் அங்கேயே ட்வைசலில் மீன் பண்ணையில் வேலை எடுத்துக்கொண்டு தங்கிவிட்டீர்கள்.

உங்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்கிறேன். அன்றைக்கு லொறிக்கு என்ன நடந்தது?

நிசாந்தினி

*

ட்வைசல்
9 ஜூன் 2025

நிசாந்தினி,

நீர் போக வேண்டாம்.

வடக்கே வாங்காரேயும் தௌரங்காவும் ஓடின கையோடு லிண்டிஸ் கணவாய் ஏறலாம் என்று நினைக்கிறீர். உமக்கு லொறி ஓடத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ரிவர்ஸ் எடுப்பதில் என்னைவிட நீர் திறம். ஆனால் குளிர் வேறு. ஆக்லாந்தில் குளிர் என்று நாங்கள் சொல்வது வெறும் ஈரம். இங்கே காலையில் கதவுக் கைப்பிடியை வெறும் கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். நான் மீனுக்குத் தீன் போடும் கால்வாயின் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொதிகலன் கொண்டுபோக இந்த நாட்டில் வேறு லொறியே இல்லையா? ராகேஷிடம் முடியாது என்று சொல்லும். வைஷாலியை யாரிடம் விட்டுவிட்டுப் போகப் போகிறீர்?

லொறியை விற்பதில் என்ன பிடிவாதம்? வெஸ்ட்கேட் கடைகளுக்குச் சாமான் போடச் சின்ன வான் ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீர் போகமாட்டீர், ஆனாலும் சொல்கிறேன். ஆக்லாந்தில் அடித்த டீசலோடு யாரும் இங்கே வரக்கூடாது. கடுங்குளிரில் அதற்குள் மெழுகு கட்டும். கலங்கிப்போய், பிறகு களி மாதிரி ஆகும். ஃபில்டர் அடைத்துவிடும். இங்கத்தைய பம்புகளில் மாரிக்கென்று வேறு டீசல் விற்கிறார்கள். அதைத்தான் அடிக்க வேண்டும்.

பிருந்தன்

*

ரானுயி
14 ஜூன் 2025

பிருந்தனுக்கு,

வைஷாலி கிளென் ஈடனில் உஷா அக்கா வீட்டில் நிற்பாள். அதைக் கேட்டு அவள் துள்ளுகிறாள். அங்கே நாய் இருக்கிறது.

வான் வேண்டாம். அது உங்களுக்கும் தெரியும். அந்த லொறிக்காக நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி நித்திரை முழித்தோம். நீங்கள் அதில் ஏறமாட்டேன் என்றால் அது உங்கள் முடிவு. என்னை இறக்கிவிட உங்களால் முடியாது.

டீசல் பற்றி எழுதியதற்கு நன்றி. அதை வைத்து சுந்தரியிடம் கேட்டேன். இங்கே ரானுயி கராஜில் புதிதாக வந்திருக்கும் மெக்கானிக், கோயம்புத்தூர்ப் பிள்ளை. பனியை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாளாம். "அக்கா, எனக்கும் இது புதுசுதான். ஆனா படிச்சு, கேட்டு, ஒண்ணொண்ணா பாத்துடலாம். விடுங்க, வண்டிய உள்ள கொண்டாங்க" என்றாள். தெற்கே ஒரு கராஜுக்குப் போன் போட்டு அரை மணித்தியாலம் கேள்வி கேட்டாள். இரண்டு நாள் அவளோடு நின்றேன்.

முதலில் ரேடியேட்டர். உறையாமல் இருக்க ஊற்றும் பச்சைத் திரவத்தை அளவு பார்க்கும் ஒரு சின்னக் குழாயால் உறிஞ்சிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, இது பாதிக்கு மேல தண்ணி. அங்க போனா ஐஸ் கட்டி எஞ்சினையே பொளந்துடும்." ஆக்லாந்து வெயிலில் குறையக் குறைய நாங்கள் பைப் தண்ணீர் ஊற்றினோமே, அதன் பலன். முழுவதையும் வடித்துக் கழுவிப் புதிதாக ஊற்றினோம். டீசல் ஃபில்டருக்குக் கீழே ஒரு திருகு இருக்கிறது. அதைத் திறந்தபோது தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரும் உறையுமாம். புது ஃபில்டர் போட்டு, மேலதிகமாக ஒன்று கபினில் வைத்தாயிற்று. பற்றரி இரண்டில் ஒன்று சாகக் கிடந்தது. குளிரில் நல்ல பற்றரியே பாதிப் பலத்தில்தான் நிற்கும் என்றாள். இரண்டையும் மாற்றினோம்.

பிறகு டயருக்குச் சங்கிலி கட்டப் பழகினேன். கராஜ் பின்வளவில், மழையில், சேற்றில் படுத்து. முதல் தடவை அரைவாசி நேரம் சங்கிலியின் சிக்கெடுக்கவே போனது. வைஷாலி குடையோடு நின்று, "அம்மா, டூ ஸ்லோ. அகெய்ன்" என்றாள். மறுபடியும் கட்டினேன். கழற்றினேன். கட்டினேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போன வருஷம் டனீடன் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். மூன்று நாள் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிசாந்தினி

*

ட்வைசல்
20 ஜூன் 2025

நிசாந்தினி,

உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியது நான். நீர் "நாங்கள்" என்று எழுதியிருக்கிறீர்.

சரி, எழுதுகிறேன்.

அன்றைக்குப் பின்னேரம் ஓமராமா தாண்டும்போதே மழை பனியாக மாறிவிட்டது. நான் ஏறினபிறகு பின்னால் பாதையை மூடிவிட்டார்கள். எனக்குத் தெரியாது. கணவாய்க்குக் கொஞ்சம் கீழே எஞ்சின் மூச்சு வாங்கத் தொடங்கியது. பெடலை மிதிக்கிறேன், இழுவை இல்லை; ஆக்லாந்து டீசல் மெழுகு கட்டிவிட்டது. ஓரத்தில் ஒதுக்கவும் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பற்றரியைக் கொன்றேன். போனில் சிக்னல் இல்லை. எஞ்சின் இல்லையென்றால் ஹீற்றரும் இல்லை. கபினுக்குள் என் மூச்சே கண்ணாடியில் ஐசாகப் படிந்தது. யாராவது வருவார்கள் என்று இருந்தேன். மூடின பாதையில் யார் வருவது? கால் விறைக்கத் தொடங்கியது. இருந்து சாவதைவிட நடப்போம் என்று இறங்கினேன். ஆக்லாந்தில் போடும் அதே சப்பாத்து. பனியை வழித்துப் பாதை திறக்க வந்த மெஷின்காரன்தான் என்னைக் கண்டான்.

இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கபினுக்குள் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் நீர் உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "லொறி எங்கை நிக்குது?" காலைக் கேட்கவில்லை. என்னைக் கேட்கவில்லை. லொறி எங்கை. அதுதான் திரும்பிப் படுத்தேன். ரானுயிக்கு வந்தால் தினமும் அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். கோயிலிலும் கடையிலும் "பாவம் பிருந்தன்" என்பார்கள். இங்கே யாரும் என்னைப் பாவம் என்பதில்லை. மீனுக்கு அது தெரியாது.

நீர் எப்படியும் போவீர் என்று தெரிகிறது. அப்படியென்றால் இதையும் செய்யும். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் தாங்கிகளில் தண்ணீர் சேரும். தினமும் பின்னேரம் அதை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பிரேக் விடாது. பனியில் ஓடி நனைந்த பிரேக்கோடு நிறுத்தினால் ஹாண்ட்பிரேக் போட வேண்டாம், உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதரையாகப் பார்த்து, கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையும். நல்ல சப்பாத்து வாங்கும். கம்பளிப் போர்வை, சாப்பாடு, தண்ணீர் கபினுக்குள் இருக்க வேண்டும், பின்னால் சாமானோடு இல்லை.

பிருந்தன்

*

ரானுயி
27 ஜூன் 2025

பிருந்தனுக்கு,

லொறி எங்கே என்று கேட்டேன். ஓம், கேட்டேன்.

உங்கள் அறைக்கு வரமுதல் டொக்டர் என்னைக் கொரிடோரில் நிறுத்தி எல்லாம் சொல்லிவிட்டார். எந்த விரல்கள், ஏன், இன்னும் எடுக்க வேண்டி வருமா என்று. படத்தையும் காட்டினார். நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நேர்ஸ் கதிரை கொண்டுவந்து தந்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். "கால் எப்படி" என்று வாய் திறந்தால் நான் உடைந்துவிடுவேன், உங்களுக்கு முன்னால் அப்படி விழக்கூடாது என்று நினைத்தேன். அழாமல் கேட்கக்கூடியதாக என் வாயில் இருந்த ஒரே கேள்வி அதுதான்.

அதற்காக ஒரு வருஷமா? "நீர் ஏன் அப்படிக் கேட்டனீர்" என்று அந்தக் கட்டிலில் வைத்தே என்னை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனாலும் அந்தக் கபினுக்குள் நீங்கள் இருந்ததை இப்போதுதான் நீங்கள் சொல்லிக் கேட்கிறேன். நேற்று லொறிக்குள் ஏறி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இங்கே மழைதான். ஆனாலும் இருந்தேன்.

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் சுந்தரிக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க வீட்டுக்காரரு சூப்பரா சொல்றாரு அக்கா. நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க" என்றாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். காற்றுத் தாங்கியை வடித்தோம், கறுப்பாக ஒரு கோப்பை தண்ணீர் வந்தது. கதவு ரப்பருக்கெல்லாம் சிலிக்கன் பூசினோம், உறைந்து ஒட்டாமல் இருக்க. சப்பாத்து வாங்கினேன். முழங்கால் வரை வருகிறது, பார்க்க ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறதாம். வைஷாலி சொல்கிறாள்.

ஜூலை ஏழாம் திகதி புறப்படுகிறேன். எட்டாம் திகதி வெலிங்டனில் தென்தீவுக்குக் கப்பல். ஒன்பது அல்லது பத்து ஓமராமா. ட்வைசலைக் கடந்துதான் போக வேண்டும்.

நிசாந்தினி

*

ட்வைசல்
2 ஜூலை 2025

நிசாந்தினி,

இது உமக்குப் புறப்படமுதல் கிடைக்க வேண்டும் என்று நானே டவுனுக்குப் போய்ப் போடுகிறேன்.

கொரிடோர் விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் டீசலைப் பற்றி எழுதுகிறேன்.

வடக்கே தாங்கியை நிரப்ப வேண்டாம். கப்பலால் இறங்கியதும் மட்டுமட்டாக அடித்துக்கொண்டு வாரும். ட்வைசலுக்கு முன்னால் மெக்கென்சிப் பக்கம் வரும்போது தாங்கி கிட்டத்தட்டக் காலியாக இருக்க வேண்டும். அங்கே மாரி டீசலால் முழுக்க நிரப்பும். நிரப்பினபிறகு கொஞ்சத் தூரம் ஓட வேண்டும், அப்போதுதான் குழாய்களுக்குள் இருக்கும் பழைய டீசல் வெளியேறும். நிரப்பிவிட்டு அங்கேயே நிறுத்தினால் பிரயோசனமில்லை. தாங்கி நிறைந்திருந்தால் உள்ளே ஈரமும் பிடிக்காது.

பாதை மூடினால் மூடட்டும். பள்ளிக்கூடம் ஒரு நாள் பொறுக்கும். பின்னால் வருபவன் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

ட்வைசலில் எனக்காக நிற்க வேண்டாம். லொறியைப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இதை நீர் தப்பாக எடுக்கக்கூடாது.

கவனம்.

பிருந்தன்

*

அலெக்ஸாண்ட்ரா
11 ஜூலை 2025

பிருந்தனுக்கு,

இறக்கிவிட்டேன். கொதிகலன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

நீங்கள் சொன்னது போலவே காலித் தாங்கியோடு வந்து டெக்கப்போவில் நிரப்பினேன். ட்வைசலில் நிற்கவில்லை. ஊருக்குள் போகும் சந்தியில் வேகத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான். ஓமராமாவுக்கு வரும்போது பாதை மூடிவிட்டார்கள். எனக்கு முன்னாலே ஐந்தாறு லொறிகள் வரிசையாக நின்றன. சமதரை பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, கட்டை வைத்து, காற்றுத் தாங்கியை வடித்துவிட்டு மோட்டலுக்குப் போனேன்.

விடிந்தபோது எல்லாம் வெள்ளை. என் கண்ணிமை ஒட்டியது. வரிசையில் இரண்டு லொறி எழும்பவில்லை. இரண்டும் வடக்கில் இருந்து வந்தவை. ஒன்றின் ட்ரைவர் காஸ் அடுப்பைக் கொண்டுவந்து டீசல் தாங்கிக்குக் கீழே வைக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "எல்லாரையும் கொளுத்தப் போறியளோ?" என்று தமிழில்தான் கத்தினேன். அவருக்கு விளங்கியது. மோட்டலில் சுடுதண்ணீர் வாங்கி, துணியை நனைத்து, ஃபில்டரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோம். கடைசியில் மெழுகு இளகி அவருடையதும் எழும்பியது.

அதற்குமுதல் என்னுடையது. சாவியைத் திருப்பினேன். முதல் தரம் உறுமிவிட்டு நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி திருப்பினேன். பிடித்தது. நடுங்கி, வெள்ளைப் புகை தள்ளி, பிறகு சீராக ஓடியது. நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

சங்கிலி கட்டியவர்களை மட்டும் விட்டார்கள். படுத்துக் கட்டினேன். பனி வழிக்கும் மெஷினுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறினோம். நீங்கள் நின்ற இடம் எது என்று எனக்குத் தெரியும், லொறியை எடுக்க வந்தபோது பார்த்தேன். அங்கே வந்ததும் கண்ணைப் பாதையிலேயே வைத்தேன். கியரை மாற்றாமல் அப்படியே போனேன். இறக்கத்தில் இறங்கும்போதுதான் அழுதேன். அழுதுகொண்டே ஓடலாம், பாதை தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் விடுமுறை. ஆனாலும் கொஞ்சப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். கிரேனால் பெட்டியை இறக்கும்போது ஒரு சின்னப் பெண் கை தட்டினாள்.

நாளைக்குத் திரும்புகிறேன். ட்வைசலில் நிற்கமாட்டேன்.

நிசாந்தினி

*

ட்வைசல்
15 ஜூலை 2025

நிசாந்தினி,

நான் ஓமராமாவில் நின்றேன்.

பாதை மூடிவிட்டது என்று ரேடியோவில் கேட்டதும் வேலைத்தலத்தில் சொல்லிவிட்டு, விடியத் தொடங்கும்போது ஒருவரின் காரில் வந்து இறங்கினேன். பம்புக்குப் பக்கத்தில், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். நீர் சாவியைத் திருப்பி அது நின்றபோது சட்டைப்பைக்குள் நானும் கையைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்ததும் பம்புக்காரப் பெண் "யூ ஓகே?" என்று கேட்டாள். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

காஸ் அடுப்புக்காரனோடு நீர் மல்லுக்கட்டியதையும் பார்த்தேன். நீர் சங்கிலி கட்டப் படுத்தபோது நான் இரண்டு அடி வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். நான் வந்தால் உம்முடைய கையில் இருக்கும் சங்கிலியைப் பறித்து நானே கட்டுவேன். என்னை எனக்குத் தெரியும். நீர் வடிவாகக் கட்டினீர். உள்பக்கக் கொக்கியை நான் எப்போதும் கடைசியில்தான் போடுவேன், நீர் முதலில் போட்டீர். அதுதான் சரி.

நீர் ஏறிப் போனபிறகு மெஷினின் மஞ்சள் லைட் மறையும்வரை நின்றேன். லொறியைப் பார்த்தால் எனக்கு என்னவோ ஆகும் என்று ஒரு வருஷமாக நினைத்தேன். குளிர்ந்தது. அவ்வளவுதான்.

லொறியை முழுக்க உம்முடைய பெயருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். விற்கும் கதை இனி இல்லை. நான் திரும்ப அதை ஓடுவேனா என்று கேட்க வேண்டாம். தெரியாது. தெற்கு ஓட்டம் உம்முடையது.

பண்ணையில் மாத முடிவோடு வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். ஓகஸ்ட் முதலாம் திகதி கிறைஸ்ட்சேர்ச்சில் இருந்து ப்ளேனில் வருகிறேன். லொறியில் கூட்டிவர வேண்டாம். அதில் ஏற எனக்கு இன்னும் துணிவில்லை. வைஷாலி என்னோடு கதைப்பாளா?

பிருந்தன்

*

ரானுயி
21 ஜூலை 2025

பிருந்தனுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு உங்களை வாய்விட்டு ஏசினேன். பம்புக்குப் பக்கத்தில் நின்றீர்களாம். ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலாவது தூக்கித் தந்திருக்கலாம், அது சங்கிலி இல்லையே. பிறகு ஏசியது போதும் என்று இதை எழுதுகிறேன்.

வைஷாலியிடம் சொன்னேன். "இஸ் ஹி ஸ்டேயிங்?" என்றாள். "ஓம்" என்றேன். எழும்பிப் போய் உங்கள் மேசையில் இருந்த தன் சாமான்களையெல்லாம் அள்ளித் தன் அறைக்குக் கொண்டுபோனாள். உங்களோடு கதைப்பாள். முதலில் முறைப்பாள், அதற்கு ஆயத்தமாக வாருங்கள்.

ராகேஷ் அடுத்த தெற்கு ஓட்டம் கேட்டுவிட்டான். எடுத்துவிட்டேன். ஓகஸ்ட் இறுதியில்.

உஷா அக்காவின் காரில் எயார்போட்டுக்கு வருகிறோம். லொறியில் ஏறச் சொல்லமாட்டேன். ஆனால் கராஜில் அன்றைக்கு இடமில்லையாம், அதனால் வீட்டு வாசலில்தான் அதை நிறுத்துவேன். வீட்டுக்குள் வருவதென்றால் அதன் பக்கத்தால் நடந்துதான் வர வேண்டும்.

ஓர் ஆள் போக இடம் விட்டிருப்பேன்.

நிசா